அரை இன்ச் நட்டு

அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் காரில் துருவேறிய நட்டு ஒன்றுக்கு இன்று மண்ணெண்ணெய் ஊற்றியபோது, அந்த வாசனையில் எங்கள் கோவிலம்பாக்கத்துத் தகரக் கொட்டகை வந்து நின்றது. இப்போது அங்கே அபார்ட்மெண்ட். ஞாயிறுதோறும் அப்பா காருக்கடியில் படுத்து, அரை இன்ச் நட்டுகளைப் பதிமூன்று மில்லிமீட்டர் ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டிருப்பார். பட்டுப்புடவையோடு அம்மா நிற்பாள்.

"ஏங்க, சர்ச்சுக்கு இன்னிக்கும் பஸ்தானா?"

"அஞ்சே நிமிஷம் மேரி."

"போன வாரமும் இதே அஞ்சு நிமிஷம்தான்."

அரை இன்ச்சுக்கு அந்த ஸ்பேனர் ஒரு மயிரிழை பெரிது. அது மழுக்கிய நட்டுகளோடுதான் இப்போது என் மல்லுக்கட்டு. சரியான இன்ச் ஸ்பேனர் வாங்கியும் பிடிக்க முனையே இல்லை. இந்த ஞாயிறு பஸ் வேண்டாமென்று வேறு அம்மாவிடம் சொல்லித் தொலைத்திருக்கிறேன். நாளை அரத்தால் ராவி, நட்டுக்குப் புதிதாக முனை எடுத்துப் பார்க்க வேண்டும்.