கொளம்பு சீவ ஆளில்லாத மரை

அம்மா செத்ததுக்கப்புறம் அது போட்டிருந்த கம்பளிய நான் தொவைக்கவே இல்ல. மழையில தேயிலைக் கொழுந்து எடுக்கறவங்க தலையில போட்டுக்குவாங்களே, அந்தக் கறுப்புக் கம்பளி. பச்சப் புல்லு, வெத்தல, மரைச் சாணி எல்லாம் சேந்து ஒரு வாசம் அதுல. அதான் அம்மா வாசம். செத்தவங்க துணிய ஆத்துல விட்டுரணும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் சரிப்பான்னுட்டு பொட்டிக்கு அடியில சொருகி வச்சுக்கிட்டேன்.

அம்மாவுக்குத் தோட்டத்துத் தொரை பங்களாவுலதான் வேலை. பழைய தொரை பங்களாவுக்குப் பின்னாடி கம்பி வேலி போட்டு மிருகம் வளத்தாரு. மயிலு, கொரங்கு, ஒரு கரடி, அப்புறம் காட்டுல புடிச்ச ஒரு பொட்ட மரை, பெரிய மான் சாதி. ஞாயித்துக்கெழமை பதுளையில இருந்து தொரைமாரு வண்டி கட்டிக்கிட்டு வந்து பாப்பாங்க. புல்லறுத்துப் போடறதும் கூடு கழுவறதும் அம்மா.

அந்த மரை வேலிக்குள்ளயே ஒரு கடாக் கன்னு போட்டுச்சு. முன்னங்கால் ஒண்ணு உள்பக்கம் மடங்கியே பொறந்துச்சு. தாய் பால் குடுக்காம ஒதைச்சிருச்சு. அம்மா அதக் கம்பளிக்குள்ள சுத்தி மடியில வச்சு, மாட்டுப்பால துணியில நனைச்சு ஊட்டி வளத்துச்சு. நொண்டின்னுதான் தோட்டம் பூரா அதுக்குப் பேரு.

மடங்குன காலு தரையில தேயாது. கொளம்பு நீண்டுக்கிட்டே போயி, வளைஞ்சு சதையில குத்தும். அம்மா தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால அத அப்பப்ப சீவி விடும். கொழுந்துக்காரப் பொம்பளைங்க வேலிப்பக்கம் போறப்ப கேப்பாங்க.

"என்னக்கா, மகனுக்கு நகம் வெட்டியாச்சா?"

"ஆச்சு. ஒம் புருசன அனுப்பு, அவருக்கும் வெட்டி விடறேன்."

பாக்க வர்ற தொரைமாருக்கு வேற வெளையாட்டு. ரொட்டித் துண்ட வேலியோட அந்தக் கோடியில வீசுவாங்க. அது நொண்டி நொண்டி ஓடுறதப் பாத்துச் சிரிப்பாங்க. அம்மா அப்ப கூடு கழுவுற மாதிரி திரும்பிக்கும்.

கார்த்திக மழையில அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, எந்திரிக்கவே இல்ல. நொண்டி தீனி தின்னல. நான் கம்பளியப் போட்டுக்கிட்டுப் போனேன். நேரா வந்து மூஞ்சியக் கம்பளிக்குள்ள விட்டுக்கிச்சு. அம்மாவ எடுத்தப்ப எனக்கு அழுவ வரல. அன்னைக்குத்தான் வந்துச்சு. அப்புறம் புல்லு போடறதும் கொளம்பு சீவுறதும் நானுன்னு ஆச்சு.

தை பொறந்ததும் பழைய தொரை சீமைக்குப் போயிட்டாரு. வந்த தொரைக்கு மிருகம் புடிக்காது. எல்லாத்தையும் வேற வேற தொரைமாரு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. நொண்டிய யாரும் கேக்கல. அதச் சுட்டுருன்னு புதுத் தொரை சொல்லிட்டாருன்னு பெரிய கங்காணி வந்து சொன்னாரு.

அப்பா அதிகம் பேசாத ஆளு. அன்னைக்கு என்னமோ, "அத முனியாண்டிக்கு நேந்து விட்டிருக்குங்க. செத்துப்போனவ நேந்தது"ன்னு சொல்லிருச்சு. பொய்தான். ஆனா செத்தவ நேத்திக்கடன்ல யாரு கைய வைப்பா? கங்காணியே பயந்துட்டாரு. சாமிக்கு விட்டதத் தொட்டா காலையில வேலைக்குப் பேரு குடுக்கற பெரட்டுக்கு ஒரு ஆளு வராதுன்னு தொரைக்கிட்ட சொல்லியிருக்காரு. தொறந்து விட்டாங்க. கழுத்துல மஞ்சத்துணி கட்டிக்கிட்டு அது தேயிலைக்குள்ளயும் பத்தனைப் புல்லுவெளியிலயும் மேஞ்சுச்சு.

பங்குனியில திருவிழா. நேந்ததச் சாமி முன்னாடி நிப்பாட்டி மஞ்சத் தண்ணி தெளிக்கணும். நான்தான் கம்பளியப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன். பூசாரி சொம்பக் கையில எடுத்தவரு, காலப் பாத்துட்டுக் கீழ வச்சாரு.

"ஏம்ப்பா, ஊனம் உள்ளது சாமிக்கு ஆகுமா? இது தெரியாதா ஒனக்கு?"

தெரியும். எல்லாருக்குந்தான் தெரியும். நாளெல்லாம் நொண்டி நொண்டின்னு கூப்புட்டவங்க, அத நெனைச்சே பாக்கல. பூசாரி மஞ்சத்துணிய அவுத்து என் கையில குடுத்தாரு. பின்னாடி ஒருத்தன், "சாமிக்கு ஆகாட்டி சட்டிக்கு ஆகும்"ன்னான். கொஞ்சப் பேரு சிரிச்சாங்க.

துணி போனதும் அது மறுபடி தொரையோட மரை ஆயிருச்சு. செடிய மிதிக்குதுன்னு ஒருக்கா மலையில போயி சுட்டாங்க. படல. அதுக்கப்புறம் அது ஆளக் கண்டாலே நிக்கறதில்ல.

பெரிய கங்காணி நாங்க குடியிருக்கற லயத்துக்கு வந்தாரு.

"ஏ புள்ள, நாளைக்கு அந்தக் கம்பளியப் போட்டுக்கிட்டு அதப் பங்களாப் பக்கம் கூட்டியா. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"நான் வரலங்க."

"வராட்டி போ. கம்பளியக் குடு. எவளாச்சும் போட்டுக்குவா."

"எங்க வச்சேன்னு தெரியலங்க. தேடணும்."

"தேடி வையி. விடிஞ்சதும் ஆளனுப்புறேன்."

அவரு போனதும் எடுத்தேன். மூஞ்சியில வச்சு மோந்தேன். ஆத்துல விட்டா எவனாச்சும் எடுத்துருவான். அடுப்புக்குள்ள திணிச்சேன். கம்பளி லேசுல எரியல. மயிரு கருகுற நாத்தம் லயம் பூராப் பரவிருச்சு. அப்பா உள்ள வந்து பாத்துச்சு. வெளிய கெடந்த ஓரத்தக் குச்சியால உள்ள தள்ளி விட்டுச்சு.

காலையில வந்த ஆளு மூக்கப் பொத்திக்கிட்டு என்னா நாத்தம்னு கேட்டான்.

"செத்தவ துணி. அன்னைக்கே செஞ்சிருக்கணும்"னு அப்பா சொல்லுச்சு.

மரை உசுரோடதான் இருக்கு. நமுனுகுல மலைப் பக்கம் பத்தன ஓரமா எப்பவாச்சும் தெரியும். வேலை முடிஞ்சதும் கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டுப் போவேன். அம்மா கூப்புடுற மாதிரியே நாக்கத் தட்டிக் கூப்புடுவேன். அது தலையத் தூக்கிக் காத்துல மோந்து பாக்கும். என்கிட்ட இப்ப ஒரு வாசமும் இல்ல. திரும்பிக் காட்டுக்குள்ள போயிரும்.

கொளம்பு நீண்டு வளைஞ்சு கெடக்கு. நான் நிக்கற எடத்துல இருந்தே தெரியுது.