ஸ்டெல்லா அக்காவின் இரும்பு ஜன்னல்

நாங்கள் இப்போது இருக்கும் விஷ்ராந்த்வாடியில் எதிர்வீட்டுக்காரர் நேற்று பால்கனி கிரில்லுக்குப் பச்சை எனாமல் அடித்தார். வாடை வந்ததுமே எனக்குக் குமட்டியது. வயதாகிவிட்டது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். இல்லை, இது 1970களின் குமட்டல்.

அப்போது கேம்ப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். நான் மராமத்து மேற்பார்வையாளன்; அதாவது, மற்றவர்கள் வேலை செய்வதை இடுப்பில் கைவைத்துப் பார்ப்பவன். வருடாவருடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் இரும்பு ஜன்னல்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்போம். சுரண்டுவது கிடையாது. துருமேல் பெயிண்ட், புறா எச்சத்தின்மேல் பெயிண்ட். கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டு ஒரு ஜன்னலும் திறக்காது. ரோட்டிலிருந்து பார்த்தால் பளபளப்பு!

டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அக்காவுக்கு ஆஸ்துமா. மூச்சு இழுக்கும் சத்தம் டைப்ரைட்டரையும் மீறிக் கேட்கும்.

"காத்து இல்லாத இடத்துல உக்காராதேன்னு டாக்டர் சொல்லிட்டார். வேலைய விட்டா வீடு எப்படி ஓடும்? இந்த ஒரு கிட்கிய, என் பக்கத்து ஜன்னல மட்டும் தெறந்து குடு தம்பி."

பெயிண்டர் மாருதி சுரண்ட உட்கார்ந்தான். வீராப்பாக நானும் ஒரு சுரண்டியை எடுத்தேன். பெயிண்டுக்குள் குளவிக்கூடு, யாரோ துப்பிய பான் எச்சில். கீலில் ஒரு பல்லி. செத்த பின்னும் வருடத்துக்கொரு கோட்டிங் வாங்கிக்கொண்டு, மேலதிகாரியைப் போல மினுமினுவென்று இருந்தது. கண்ணாடியைச் சுற்றி அப்பியிருந்த பழைய புட்டிப் பசையை மண்ணெண்ணெய் விட்டுக் கிளறியபோது வந்த நாற்றத்தை எழுதினால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். நான் சாப்பிடவில்லை. மத்தியானம் வடாபாவ் பன்னுக்குள் பச்சைச் சட்னியைப் பார்த்ததுமே வாந்தி. என் பங்கையும் மாருதியே தின்றான்.

உப்புத்தாளால் தேய்த்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, வளைந்த சட்டத்தை நிமிர்த்தியதும் ஜன்னல் திறந்தது. அக்கா அதன் முன்னால் வந்து நின்றார். மூச்சு விட்டார்.

மறுவாரம் இன்ஸ்பெக்‌ஷன். எல்லா ஜன்னலையும் சாத்திப் பெயிண்ட் அடிக்க உத்தரவு. இதை மட்டும் விட்டுவிடலாமே என்று மேலதிகாரியிடம் இழுத்தேன். நிறம் வித்தியாசமாகத் தெரியுமாம். மாருதி அடித்துவிட்டுப் போனான். அக்கா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். ஈரப் பெயிண்டிலேயே கைவைத்து, ஒட்டிக்கொள்வதற்குள் திறப்பார், சாத்துவார், மறுபடி திறப்பார். அந்த வாடையில் இழுப்பு இன்னும் அதிகமானது.

"வீட்டுக்குப் போங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

"நீ தூங்கிடுவே. போடா."

காயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஜன்னல் பக்கமே திரும்பாமல் டீயும் பிஸ்கட்டும் முடித்துக் கிளம்பினார். தூ! ரிட்டயர் ஆகும்வரை அக்காவுக்கு வருடாவருடம் இதே கூத்து.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம். இரும்புச் சட்டங்களை அறுத்தெடுத்து, ஒரே கண்ணாடியாக அடைத்து ஏசி போட்டிருக்கிறார்கள். அக்கா உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். திறப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.