உப்பு போட்டு வைத்த உடல்

போனை எடுத்தவள் நான்தான். ஆம்பூர் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அப்போது நான் ரைட்டர். ஸ்டேஷன் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவள் இல்லை. வருகிற புகார், போகிற ஆள், கிடைத்த பொருள் எல்லாவற்றையும் தாளில் இறக்குகிற ஏட்டு. கோடைக் காலம், சாயங்கால நேரம். கரண்ட் இல்லை. பேசியவன் பெயர் சொல்லவில்லை.

"மேடம், தோல் மண்டி பின்னாடி தெருவுல ஒரு ஆள அடிச்சுக் கொன்னு உப்பு போட்டு வச்சிருக்கானுங்க. வந்து பாருங்க."

"யாருப்பா பேசறது?"

வைத்துவிட்டான். இப்படிப் பற்றவைத்துவிட்டு ஓடுகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் பாதி கேஸ் அவர்களால்தான் வருகிறது.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "உப்பா? கருவாடா போட்டுருக்கானுவ?" என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறினார். நானும் பேப்பர் கட்டோடு ஏறினேன்.

வீட்டில் கண்டது

செத்தவர் பெயர் துரை. மண்டியில் லோடு இறக்குகிறவர், ஐம்பது வயதை ஒட்டியவர். நடு அறையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கல்லுப்பைப் பரப்பி, உடலைக் கிடத்தியிருந்தார்கள். மார்பு வரைக்கும் மேலேயும் உப்பு, அதற்கு மேல் வேப்பிலை. பின்தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குள்ளும் உப்பு. முகத்தில் மட்டும் ஒரு கல் உப்புகூட இல்லை. ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள், அந்தத் துணியை யாரோ அப்போதுதான் நனைத்துப் போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் மனைவி கஸ்தூரி. சுவரோரம் அவள் தம்பி ஏழுமலை. அவனும் அதே மண்டிதான். ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் சதைப் பக்கம் உப்பைத் தேய்த்து அடுக்குவது அவன் வேலை. உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது.

"ஏம்ல உப்ப போட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பொண்ணு ஐதராபாத்ல இருந்து வரணும் சார். நர்ஸா இருக்குது. ட்ரெயின் ஏறிட்டுது, நாளைக்குக் காலைலதான் வரும். ஐஸ் பாக்ஸ் கேட்டோம். ஊர்ல இருக்கறது எல்லாமே வேற சாவு வீட்டுக்குப் போய்ட்டுது. இந்த வெயில்ல இன்னா சார் பண்றது? அது அப்பன் முகத்தப் பாக்கணும்ல. எங்களுக்குத் தெரிஞ்சது இதான்."

"ஸ்டேஷனுக்கு ஏன் சொல்லல?"

கஸ்தூரி பதில் சொன்னாள். "குடிச்சிட்டு வுழுந்துட்டாருன்னுதான் நெனச்சோம் சார். மண்டி பின்பக்கம் படிக்கட்டுகிட்ட கெடந்தாரு. இதுக்கு முன்ன கூட அங்க வுழுந்து மண்டய ஒடச்சிக்கிட்டிருக்காரு. காலைல நான்தான் போய்ப் பாத்தேன். தம்பியக் கூப்ட்டு வூட்டுக்குத் தூக்கியாந்தோம்."

உடலை எடுத்தாகிவிட்டது, கிடந்த இடத்தைக் கழுவியாகிவிட்டது, உடம்பையும் குளிப்பாட்டியாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு கேஸைக் கெடுக்க முடியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சாவு வீட்டில் எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்திருந்தார்கள், அந்த உப்பைத் தவிர.

வாசலில் கூடியிருந்த கூட்டம் இன்னொன்று சொன்னது. முந்தின வாரம் துரை நடுத்தெருவில் கஸ்தூரியை அறைந்திருக்கிறார். ஏழுமலை ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து, இனிமேல் அக்காமேல் கை வைத்தால் சும்மா விடமாட்டேன் என்றிருக்கிறான். தெருவே பார்த்திருக்கிறது.

ஐந்து பேர்

புதிதாக ரைட்டராக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவில் சந்தேகம் இருந்தால், உடலை ஆஸ்பத்திரிக்கு எடுக்கும் முன் பிரேத விசாரணை நடத்த வேண்டும். ஊர்க்காரர்களைப் பஞ்சாயத்தாராக உட்கார வைத்து, உடலைக் காட்டி, காயங்களைக் குறித்து, எப்படிச் செத்திருப்பார், யார்மேல் சந்தேகம் என்று அவர்கள் கருத்தைக் கேட்டு எழுத வேண்டும். இப்போது சட்டத்தின் பெயரும் நம்பரும் மாறிவிட்டன. செய்ய வேண்டியது அப்படியேதான் இருக்கிறது.

நாங்கள் ஐந்து பேரைச் சேர்த்தோம். டீக்கடைக்காரர், பழைய வார்டு மெம்பர், துரையின் சித்தப்பா மகன், ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், மண்டி முதலாளி ஜமீல் பாய். துண்டை அவிழ்த்து உப்பைத் தட்டியதும் காயம் தெரிந்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. வாத்தியார் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யார்மேல சந்தேகம்?" என்று கேட்டேன்.

முதல் நான்கு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

"ஏழுமலை அடிச்சத யார் பாத்தீங்க?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மெம்பர் மட்டும் சளைக்கவில்லை. "பாத்தாத்தானா மேடம்? அன்னிக்கே சொன்னான்ல. இப்ப உப்பு வேற போட்டு வச்சிருக்கான். தப்பு பண்ணாதவன் எதுக்கு உப்பு போடறான்?"

இன்ஸ்பெக்டருக்கும் அதே நினைப்புத்தான். என்னைத் தனியே கூப்பிட்டார். "உப்ப போட்டா எப்பம் செத்தாருன்னு தெரியாது, காயமும் தெரியாது. வெவரம் தெரிஞ்சவன் செஞ்ச வேல இது. அக்காளும் தம்பியும் சேந்துதான் செஞ்சிருக்கணும். பேர எழுதும்மா."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஊரில் உப்பு என்றால் மீன் ஞாபகம்தான் வரும், தோல் ஞாபகம் வராது. நான் இந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கும் பளிச்சென்று ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாவது ஆள் இன்னும் வாய் திறக்கவில்லை என்பது மட்டும்தான் தோன்றியது.

"பாய், நீங்க இன்னா சொல்றீங்க?"

 துரை, ஏழுமலை இரண்டு பேரும் ஜமீல் பாயின் ஆட்கள். எதைச் சொன்னாலும் பேஜார்தான்.

"நான் ஒண்ணுதாம்மா கேக்கறேன். நாங்க தோலுக்கு எதுக்கு உப்பு போடறோம்? கெடாம இருக்கறதுக்கு. ஒரு தோல் கெட்டு ஒழியணும்னா நான் ஒண்ணும் செய்ய வேணாம், இந்த வெயில்ல சும்மா போட்டா போதும், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். அவன் காயத்த மறைக்கணும்னா எதுக்கு உப்பு போடறான்? மத்தியானமே எடுத்து பொதச்சிட்டிருக்கலாமே. அவன் வச்சிக்கினு ஒக்காந்திருக்கான்."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அதையும் எழுதிக்க" என்றார். நான்கு பேர் சொன்னதையும் எழுதினேன், பாய் சொன்னதையும் எழுதினேன். எழுதியதை எல்லாருக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

உப்பு செய்தது

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அம்மா நிதானமானவர். வெளியே வந்து மாஸ்கைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"இது விழுந்த காயம் இல்ல. கூரான ஓரம் இருக்கற இரும்பால ஓங்கி அடிச்சது. உப்பு வச்சுக் கட்டுனதால காயத்தோட ஓரம் அப்படியே இறுகி நின்னிருக்கு, ஈ மொய்க்கல. சும்மா விட்டிருந்தா இந்த வெயில்ல இவ்ளோ தெளிவா எனக்குக் கிடைச்சிருக்காது."

 அந்த உப்பு இல்லாவிட்டால் இது குடித்துவிட்டு விழுந்த சாவாகவே போயிருக்கும். கொலை என்று காட்டிக்கொடுத்ததே ஏழுமலை போட்ட உப்புதான். அதே உப்புதான் அவனைச் சந்தேகத்தில் நிறுத்தியிருந்தது.

மகள் ரேவதி காட்பாடியில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிணவறை வாசலில் துணியை விலக்கிக் காட்டினார்கள். தூங்குவது போலத்தான் இருந்தார் மனுஷன். அவள் அழுதுகொண்டே அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். தூரத்தில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ட்ரெயினிலேயே யாரோ போனில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஏழுமலை ஸ்டேஷனுக்கு வருவதும் போவதுமாக இருந்தான். காலையில் வந்து வேப்ப மரத்தடியில் உட்காருவான், கூப்பிட்டால் எழுந்து வந்து கைகட்டி நிற்பான். அன்று ராத்திரி அக்கா வீட்டில் தூங்கினேன் என்பான். சாட்சி யார் என்றால் அக்கா என்பான். அக்காவும் சந்தேகத்தில் இருக்கிறவள். பிறகு அது என்ன சாட்சி? கஸ்தூரியை விசாரிக்கும்போது நான் கூட இருந்தேன். கேட்டதையே கேட்டோம், அவள் சொன்னதையே சொன்னாள்.

அடித்த இரும்பு கிடைக்கவில்லை. மண்டியில் கேமரா இருந்தது, அது முன்வாசலைப் பார்த்தபடி இருந்தது. பின்பக்கம் வெளியூர் லாரிக்காரர்கள் படுப்பார்கள், குடிப்பார்கள், விடிந்தால் போய்விடுவார்கள். அவர்களில் பலரைப் பிடித்து விசாரித்தோம். இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே அலைந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. அவர் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார். கடைசியில் துப்புத் துலங்கவில்லை என்று எழுதிக் கேஸை ஓரம் கட்டினார்கள். அந்த வரியையும் எழுதியது நான்தான்.

ரேவதி கேட்டது

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்பு ரேவதி ஸ்டேஷனுக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க மாமா பண்ணாரா இல்லையா?"

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "விசாரணைல இருக்கும்மா."

"அத வுடுங்க மேடம்" என்றாள், குரல் உயர்ந்துவிட்டது. "தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடிச்சிக் கூட்டிட்டுப் போய் மணையில உட்கார வைக்கணும். அப்பா பக்கத்துக்காரங்க, அப்பனக் கொன்னவன் கையால மாலையான்னு கேக்கறாங்க. அவரக் கூப்புட்டா ஒருத்தரும் வர மாட்டாங்களாம். எங்கம்மா ரூமை வுட்டே வெளிய வர மாட்டேங்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

"எனக்குத் தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது. அவர் பண்ணலன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் கெடயாது. பண்ணாருன்னும் கெடயாது."

அவள் கிளம்பப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பாத்தத மட்டும் சொல்றேன். முடிவ நீ பண்ணிக்க. உங்கப்பா ஒடம்பு பூரா உப்பு. மூஞ்சில ஒரு கல்லு இல்ல. ஈரத்துணி போட்டு, காயக் காய நனச்சிருக்காங்க. அன்னிக்கு மத்தியானமே பொதச்சிருந்தா கேக்க ஆள் கெடயாது, கேஸே இல்ல. நீ வந்து பாக்கணும்னு வச்சிருந்தாங்க. வச்சிருந்ததாலதான் மாட்னாங்க. இது கோர்ட்டுல நிக்காது. ஆனா நான் கண்ணால பாத்தது இதான்."

ரேவதி ரொம்ப நேரம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. யூனிஃபார்மில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். "எனக்கு யாருமே இத சொல்லல மேடம்" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

கல்யாண மண்டபத்தில்

பத்திரிகை வந்தது. நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அப்பா வழி உறவில் பாதிப் பேர் வரவில்லை, நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கஸ்தூரி மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனத்தோடு ஏழுமலை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ரேவதிக்காகக் காத்திருந்தான். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒன்றாவது சரியாக நடக்கிறதே என்று நினைத்தபடி முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். மாலையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி என் முன்னால் வந்தான். ஸ்டேஷனில் நின்றது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வர்றேன் மேடம். இந்த முகூர்த்தம் மட்டும் முடிஞ்சிடட்டும். புள்ள பயந்துடும். நானே ஸ்டேஷனுக்கு வந்துர்றேன்."

"ஏழுமலை, நான் ரிட்டயர் ஆய்ட்டேன். கல்யாணத்துக்கு வந்திருக்கேன். ரேவதிதான் கூப்புட்டுது."

"சரிங்க மேடம்" என்றான். நகரவில்லை. அதற்குள் மேடைக்கு வந்திருந்த ரேவதி, "மாமா, நேரமாச்சு, வாங்க" என்று கூப்பிட்டாள். அப்போதும் அவன் என் முகத்தைத்தான் பார்த்தான், போகலாமா என்று கேட்பது போல.

"போப்பா" என்றேன். அதற்குப் பிறகுதான் போனான்.

ரைட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளே, பிரேத விசாரணையில் சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் ஒரு பெயரை எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுங்கள், அது வேலை. ஆனால் யார் என்ன சொன்னார்கள், நீங்கள் கண்ணால் என்ன பார்த்தீர்கள் என்பதை அதன் பக்கத்திலேயே முழுசாக எழுதுங்கள். குற்றவாளி கிடைக்காத கேஸை நாம் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கலாம். ஏழுமலைக்கு அது இன்னும் மூடவில்லை.