வால் செய்த வேலை

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்வதில்லை. 'வால்' என்றால்தான் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர், சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிறவர். அவருக்குப் போய் இப்படி ஒரு பட்டப்பெயர். அவர் எந்த மூலக்கூறை வரைந்தாலும் கடைசியில் ஒரு வாலை ஒட்டிவிடுவார். வால் இருந்தால் மருந்து தண்ணீரில் கரையுமாம்.

அவர் மருந்தைச் செய்து கொடுப்பார். நான் செல் வளர்த்து, வைரஸை விட்டு, மருந்தை ஊற்றிப் பார்ப்பேன். அவரோடு வேலை செய்து செய்தே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது என்று சத்தியம் செய்வேன்.

வைரஸுக்குச் சொந்தமாக ஒரு துரும்பும் கிடையாது. நுழைந்த செல்லின் சாமான்களை வைத்தே குடித்தனம் நடத்தும். செல்லுக்குள் சுவிட்ச் போடுகிற கைனேஸ் என்ற புரதங்களையும் விட்டுவைக்காது. ஒரே கைனேஸைப் பல வைரஸ்கள் நம்பியிருக்கின்றன. அதை மட்டும் அடைத்துவிட்டால் அத்தனைக்கும் ஒரே மருந்து. இந்த ஆசைக்காக மனிதர் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தார்.

கடைசியாக வந்த மூலக்கூறு, விட்ட வைரஸை எல்லாம் நிறுத்தியது. செல்களும் உயிரோடு இருந்தன. டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே விலங்குச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. அந்தக் கைனேஸின் பக்கமே போகாத வைரஸ்கூட அடங்கியிருந்தது.

"அண்ணே, இது தலை செய்ற வேலையா, வால் செய்ற வேலையா?"

"தலைதான்மா. வேற என்ன?"

மூலக்கூறின் தலைதான் கைனேஸின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். ஆனால் இந்த மாதிரி வால், செல்லின் குப்பை அறைகளில் தங்கி, அங்கே கொழுப்பைச் சேர்த்து அடைத்துவிடும். அந்தக் குளறுபடியில் எந்த வைரஸும் தடுமாறும். செல் வளர்க்கும் தட்டில் பார்க்க ஜோர், உடம்புக்கு உதவாது. உண்மை தெரிய வேண்டுமானால், வாலை அப்படியே விட்டுத் தலையை மட்டும் கெடுத்த இன்னொரு மூலக்கூறும் வேண்டும். அதுவும் வைரஸை நிறுத்தினால் எங்கள் கதை கந்தல்.

"தலை கெட்டது ஒண்ணு பண்ணிக் குடுங்கண்ணே."

"பண்றேன்மா."

பண்ணினால்தானே! மூலப்பொருள் வரவில்லை, பம்பு ரிப்பேர், தோள்பட்டை வலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மனைவிக்கே போன் போட்டுப் புகார் சொன்னேன்.

"இங்க மட்டும் என்னவாம்? குழாய் ஒழுகுதுன்னு தொண்டை வத்தக் கத்தியாச்சு. 'பாக்கறேன்'ங்கறார். பாத்துக்கிட்டேதான் இருக்கார்!" என்று அண்ணி என்னைவிடச் சூடானார்.

விலங்குச் சோதனைக்குக் கையெழுத்தாகும் நாள் நெருங்கியது. நேராகப் போய் அவர் மேஜை முன் நின்றேன்.

"குடுக்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

அவர் எழுந்து ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவி ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். மூடியைச் சுற்றிப் பனி கெட்டியாகப் படிந்திருந்தது.

"இதை எப்பண்ணே பண்ணீங்க?"

"நீ கேட்ட வாரமே."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"குடுத்தா நீ சோதிச்சிடுவியே."

திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது, அதற்கும் அவர்மேல்தான் கோபம்.

சோதித்தேன். வைரஸ் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். தலை கெட்டதும் எல்லா வைரஸையும் நிறுத்தியிருந்தது. டைரக்டரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. அவரே போய்ச் சொல்லிவிட்டு, விலங்குச் சோதனையையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். வந்து, அன்று முழுக்கக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து என் மேஜையில் இரண்டு குப்பிகளை வைத்தார். உள்ளே புது மூலக்கூறு, வால் இல்லை.

"இது கரையாதேண்ணே! மணல் மாதிரி அடியில உக்காந்துக்கும். உயிரை வாங்கறீங்களே!"

"கரையாதுதான். நீதான் எதையாவது பண்ணிக் கரைக்கணும்."

"சரி, அது எதுக்கு ரெண்டு?"

"இன்னொண்ணு தலை கெட்டது. முதல்லயே நீ வாங்கி வெச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேன்."