அக்காவுக்கு ஒரு தகர டிக்கெட்

அப்போது இலங்கையில், ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்காத நான் அங்கே தங்கியதற்குக் காரணம் அக்கா. ஒரு கால் ஊனமான அவள், புருஷனை இழந்து திருச்சிப் பக்கத்தில் தனியாகக் கிடந்தாள். அவளை அங்கே கொண்டுவரத் தோட்டத்து நம்பர் அடித்த தகர டிக்கெட் வேண்டும். அதைக் காட்டினால்தான் மண்டபம் முகாமில் கப்பலேற விடுவார்கள்.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அதைத் தர மறுத்தார். "நொண்டிக்கு எவன்டா பேர் போடுவான்?" என்றார்.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க, நான் கங்காணியைத் தாண்டிப் போய்த் துரையிடமே கேட்டேன். அப்படி யாரும் செய்வதில்லை.

"கொழுந்து பறிக்கிறது கையாலதானுங்களே, தொரை?"

துரை சிரித்துவிட்டார். டிக்கெட் கிடைத்தது.

நானே போய் அக்காவை அழைத்துவந்தேன். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மழையில் நடந்தோம். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் கங்காணி நின்றார்.

"என்னடா, தூக்கிக்கிட்டா வந்தே?"

"நடந்துதாங்க வந்தேன்" என்றாள் அக்கா. "தம்பிதான் வழியில ரெண்டு எடத்துல உக்காந்துட்டான்."

லயமே சிரித்தது. அடுத்த நாள் பெரட்டில் கங்காணியே அவள் பெயரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "இருக்கேனுங்க!" என்று அக்கா போட்ட சத்தம் கடைசி லயம் வரை கேட்டது.