எந்தக் கரண்டி?

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் பார்ப்பது சீலிங்கை. அப்புறம்தான் மனிதர்களை. வங்கியோ, பள்ளிக்கூட அலுவலகமோ, துக்க வீடோ, எதுவானாலும் தலையை அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார். மூலையில் பூச்சு வீங்கியிருந்தாலோ, மின்விசிறி மாட்டும் இடத்தில் மேடு தட்டியிருந்தாலோ உதட்டைச் சுழிப்பார். "எவன் பூசினான் இத? கண்ண மூடிக்கிட்டுப் பூசினானா?" என்பார். துக்க வீட்டில் மட்டும் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்.

அக்கா கட்டடங்களில் பூச்சு வேலை செய்கிறவர். நான் அதே கட்டடங்களில் வயர் இழுக்கிறவன். அவர் பூசி முடித்த சுவரில் சுவிட்சுப் பெட்டிக்காக நான் உளியை வைத்தால் அன்றைக்கு எனக்கு அர்ச்சனை நிச்சயம். எதுவும் ஒரு நூல் கோணியிருந்தால் அவருக்குப் பொறுக்காது. அடுக்கி வைத்த செங்கல், மாட்டிய படம், ஆள் பேசும் பேச்சு, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அதனால் எங்கள் ஆட்கள், மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே அவருக்கு வைத்தார்கள்: 'ரசமட்டம்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

கட்டட வேலையில் ஆட்கள் இரண்டே வகை. சட்டி தூக்குகிறவர்கள், கரண்டி பிடிக்கிறவர்கள். சாந்துச் சட்டியைச் சுமந்து வந்து கொடுப்பவர் சித்தாள். அந்தச் சாந்தைக் கரண்டியால் அள்ளிச் சுவரில் அடிப்பவர் கொத்தனார். அக்கா பல வருஷம் சட்டி தூக்கினார். ஒருநாள் சீலிங் பூச வேண்டியவர் வராமல் போக, கலவை இறுகிவிடுமே என்ற பயத்தில் மேஸ்திரி வேறு வழியில்லாமல் அக்கா கையில் கரண்டியைக் கொடுத்தார். அதற்கப்புறம் அக்கா அதைத் திருப்பித் தரவில்லை. இன்றைக்கு எங்கள் சைட்டில் சீலிங் என்றால் அக்காதான். ஆனாலும் மேஸ்திரி வாயில் அவர் இன்னும் சித்தாள். "பொம்பளையப் போய் கொத்தனார்னு கூப்பிட வாய் வரலையே" என்று சிரிப்பார். "திட்டறதுக்கு மட்டும் நல்லா வருது" என்பார் அக்கா.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். மனைவி கரண்டி பிடித்த அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல கரண்டி புடிச்சுட்டாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள், அப்போ இவ்வளவு நாள் யார் சமைத்தது என்று யோசித்திருப்பார்கள். அவருக்கு அது தோன்றவே இல்லை. சைட்டுப் பேச்சு அவர் வீட்டுப் பேச்சாகி வெகுகாலம் ஆயிற்று.

அக்கா ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தார். அது அக்கா தப்பால் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மேஸ்திரி வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். சாரத்தின் பலகையைக் கட்டியிருந்த கயிற்றை மேல்மாடி வேலைக்கு வேண்டும் என்று அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பலகை மட்டும் சும்மா கிடந்தது. கட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் அக்கா பூசிக்கொண்டே நகர்ந்தார். பலகை எகிறியது, வலது தோள் தரையில் மோத விழுந்தார். "கீழ பாத்து நடந்திருக்கலாம்ல?" என்றார் மேஸ்திரி. சீலிங் பூசுகிறவர் கீழே பார்த்தா பூசுவார்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையிலிருந்த வயரால் அந்த வாயைக் கட்டியிருப்பேன்.

உடைந்தது காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே தோள் வரைக்கும் படுத்திருக்கிற எலும்பு. சைட்டில் சில புத்திசாலிகளுக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது. காரை பூசுகிறவருக்குக் காறையே உதிர்ந்துவிட்டது என்று நாலு நாள் சிரித்தார்கள். "சிரிச்சவன் எவனாச்சும் போய் அந்த சீலிங்க முடிங்கடா பாப்போம்" என்று அக்கா வீட்டிலிருந்தே சொல்லியனுப்பினார். சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுத்தில் கட்டிய துணித்தூளியில் போட்டு, தானாகக் கூடிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பமானது. மாமியார் எண்ணெய் தடவச் சொன்னார். மச்சினர், முதுகில் எட்டு மாதிரி குறுக்கே போகும் ஒரு பெல்ட்டை வாங்கி வந்து மாட்டிவிட்டார். அது அக்குளை அறுத்ததுதான் மிச்சம், அக்கா ஒரே நாளில் கழற்றி வீசினார். அக்காவின் அண்ணன் போனில், அறுத்து எலும்பில் தகடு வைத்தே ஆகவேண்டும் என்றார். எல்லோரும் பேசியது அக்காவிடம் அல்ல, வீட்டுக்காரரிடம். 'அவளுக்கு என்ன பண்ணப் போறீங்க' என்று கேட்பார்கள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெடித்தார்: "ஒடஞ்சது எலும்பு. வாய் நல்லாத்தான் இருக்கு. என்கிட்ட கேளுங்க."

மேஸ்திரியும் வந்து போனார். சீலிங்குக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றும், கை சரியானால் சட்டி தூக்க வரலாம் என்றும், ஏதோ தயவு காட்டுகிற மாதிரி சொன்னார். அக்கா எழுந்துபோய்த் தன் கரண்டியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொருவன் கை அதில் படக்கூடாது. அன்றிலிருந்து எங்கே போனாலும் பையில் கரண்டி இருக்கும்.

அடுத்த முறை டாக்டரிடம் காட்டப் போனபோது ஆட்டோ பிடித்துக்கொண்டு நானும் போனேன். அதற்குள் கழுத்தோரம் தோலுக்கடியில் ஒரு மேடு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த இரண்டு முனையும் நேராக நிற்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றது. மட்டம் பார்த்தே பழகிய அக்கா அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். டாக்டர், வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பரவால்ல, கொஞ்சம் மேடா கூடும். சமையலுக்கெல்லாம் இந்தக் கை தாராளமா போதும்."

"யாரு சமையலுக்கு?" என்றார் அக்கா.

"நீங்கதான. கரண்டி புடிக்கிறவங்கன்னு போன தடவ இவர்தான சொன்னாரு."

வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. பாவம், மனிதர் அதைப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வலியில் துடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்கத் தோன்றாமல், பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டு, அந்த ஒரு சொல்லை வைத்தே அவள் கைக்கு இவ்வளவு போதும் என்று அளந்துவிட்டார்களே, அதற்குத்தான் வயிறு எரிந்தது.

அக்கா இடது கையைப் பைக்குள் விட்டு, துணியை உதறி, காய்ந்த சிமெண்டு ஒட்டிய கரண்டியை எடுத்து எக்ஸ்ரேமேல் வைத்தார்.

"இந்தக் கரண்டி."

டாக்டர் அதையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"கேட்டீங்களா? அவருகிட்ட கேட்டீங்க. விழுந்தது நான்."

டாக்டரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது, மழுப்பவில்லை. நாற்காலியை அக்காவுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினார். இப்படியே தூளியில் விட்டால் பெரும்பாலும் கூடும், ஆனால் தோள் சற்றுக் குறுகலாம், கையைத் தூக்கியே வேலை செய்தால் சீக்கிரம் அசந்து போகலாம், சிலருக்குக் கூடாமலே போவதும் உண்டு. அறுத்துத் தகடும் திருகும் வைத்தால் எலும்பு நேராக நிற்கும், கூடாமல் போவது குறைவு, வேலைக்கும் முன்னாலேயே திரும்பலாம். ஆனால் சீழ் பிடிக்கலாம், தழும்புக்குக் கீழே மரத்துப் போகலாம், தகடு உறுத்தினால் அதை எடுக்க இன்னொரு தடவை அறுக்க வேண்டி வரலாம். சமையல் வேலை என்று நினைத்ததால்தான் அறுக்க வேண்டாம் என்று விட்டதாகவும் ஒத்துக்கொண்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தலைக்கு மேல கை நிக்கணும். எதுல நிக்கும்?"

தகட்டில் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், ஆனால் சத்தியம் பண்ண முடியாது என்றார் டாக்டர். பழக்க தோஷம், சொல்லி முடித்ததும் அவர் கண் வீட்டுக்காரர் பக்கம் போயிற்று. வீட்டுக்காரர் அவசரமாக ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இங்க பாருங்க" என்றார் அக்கா. "தகடு வெச்சிருங்க."

ஆபரேஷன் அன்று காலையில் வார்டுக்கு வெளியே தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மல்லாந்து படுத்தவருக்கு வேறு எதைப் பார்க்க முடியும்? மேலே ஓர் இடத்தில் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. விழுந்தால் முகத்தில்தான் விழும் என்று கட்டிலை நகர்த்தச் சொன்னார், நானும் வீட்டுக்காரரும் நகர்த்தினோம். நர்ஸ் வந்து கையில் கட்டிய பட்டையைச் சரிபார்த்தாள். பெயர், வயது, எந்தப் பக்கத் தோள் என்று வரிசையாகக் கேட்டாள். அக்காவைப் பார்க்காமல், கட்டிலுக்கு மேலாக வீட்டுக்காரரைப் பார்த்தே கேட்டாள். அவர் திணறித் திணறிப் பதில் சொன்னார்.

"என்ன வேலை செய்யறாங்க?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஊசி குத்தியிருந்த இடது கையைக் குழாயோடு தூக்கி அக்கா அந்த வாயைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்காமலே நர்ஸைப் பார்த்து, "கொத்தனார்" என்றார்.