பதில் சொன்ன ஃபான்ட்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். பேய்க் கதை கேட்டால் நானே கொட்டாவி விடுகிற ஆள். ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஐம்பத்தொரு வயதில் வேலை போய்ப் பதினொரு மாதம். ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தேர்வுக்குக் கூப்பிட்டது. "எங்களுக்கு ஊழியர் வேண்டாம் சார், வேட்டைக்காரர் வேணும்," என்றார் மேலாளர், டையை நீவியபடி. பதினொரு மாதமாக நான் வேட்டையாடியது கொசுவை மட்டும்தான். பவ்யமாகத் தலையாட்டினேன். "இதையும் கோட்டை விட்டுட்டு வராதீங்க," என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

கண்ணாடி அறை. ஒரு வலைப்பக்கம், அதில் எழுத ஒரு கட்டம். ஒளிந்திருக்கும் கடவுச்சொல்லை ஐந்து மணிக்குள் கண்டுபிடிக்கவேண்டும். அந்தப் பக்கத்துக்கென்றே தனியாக ஒரு ஃபான்ட், அதாவது எழுத்துரு, செய்திருந்தார்கள். என் சந்தேகம் அதன் மேல்தான். ஒரு வரியைத் தட்டினால் வேறு வரியைக் காட்டும்படி ஃபான்டுக்குள்ளேயே விதி எழுதிவைக்கலாம். அதைப் பிரித்துக் காட்டும் கருவியை ஓடவிட்டேன். அது ஆமையாக நகர்ந்தது.

3:40. சலித்துப்போய், "யாராவது இருக்கீங்களா" என்று தட்டினேன்.

திரையில்: இருக்கேன்.

சிரித்துவிட்டேன். புதிர் போட்டவன் குசும்புக்காரன்.

4:15. கருவி பாதிகூடத் தாண்டவில்லை. "இந்த வேலை இல்லைன்னா செத்தேன்" என்று தட்டினேன்.

திரையில்: நானும் அப்படித்தான் சொன்னேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

4:50. டிங்... கருவி முடித்துவிட்டது. உள்ளே மூன்றே விதிகள். முதல் இரண்டும் நான் தட்டிய அதே வரிகள். ஃபான்ட் செய்த தேதி, நான்கு ஆண்டுகளுக்கு முன்.

மூன்றாவது: "சரி, ஒத்துக்கறேன்."

எதற்கு?

அந்த வரிக்குத் திரை காட்டவேண்டிய பதில் மட்டும் கருவியில் வெறுமையாகத் தெரிந்தது.

4:57. முதுகுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்... கிரீச்...

அறையில் இருந்தது ஒரே நாற்காலி.

அதில் நான் இருந்தேன்.

4:59.

தட்டினேன்.

அந்த மூன்றாவது வரி மறைந்து கடவுச்சொல் வந்தது.

வேலை கிடைத்தது. ஏழு மாதம் கழித்து, போன வாரம்தான் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். "அந்த ஃபான்டைச் செஞ்சது யாரு சார்?"

"உங்க சீட்ல முன்னாடி இருந்தவர். வேலையில்லாம ரொம்ப அலைஞ்சு வந்த மனுஷன். அதை முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் தலையைச் சாய்ச்சார்... எந்திரிக்கல. அப்புறம் நாலு வருஷம் வந்த ஒருத்தராலயும் புதிரை உடைக்க முடியல. நீங்கதான்."

நேற்று மேலாளர் கூப்பிட்டார். "வேட்டைக்காரரே, அடுத்த தேர்வுக்குப் புதுசா ஒரு ஃபான்ட் வேணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்."

"சரி, ஒத்துக்கறேன்," என்றேன்.

பாதி முடித்துவிட்டேன்.